18 வயது நிரம்பாத பிள்ளை லோக்காப்பில் இருக்கும்போது

கோலாலம்பூர் ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகத்தில் காலை எட்டு மணிக்கு முன்பே வந்து காத்திருக்கும் தாய்மார்களை, அங்கு அடிக்கடி போய்வருகிறவர்கள் எளிதில் அடையாளம் கண்டுகொள்வார்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை இருக்கும். அதற்குள் மாற்றுச் சட்டை ஒன்றும், சில நாள்களில் இன்னும் மடிப்புக் கலையாத பள்ளிச் சீருடையும் இருக்கும். இரவு முழுக்கத் தூங்காத முகம். கறுப்புக் கோட்டு அணிந்த யாரைக் கண்டாலும், "லோயர் தம்பி, எம்மவன எப்ப வுடுவாங்க?" என்றுதான் பேச்சு தொடங்கும். அனுபவமுள்ள வழக்கறிஞர் அதற்குப் பதில் சொல்வதற்கு முன், பையன் என்ன செய்தான் என்று கேட்பதில்லை. "வயசு என்னம்மா? சூராட் பெரானா (பிறப்புப் பத்திரம்) கொண்டாந்திருக்கீங்களா?" என்றுதான் கேட்பார்.

அந்தக் கேள்விதான் சரியான கேள்வி. மலேசியாவில் கைதான ஒருவருக்கு எந்தச் சட்டத்தின் கதவு திறக்கும் என்பதைக் குற்றத்தின் தன்மைக்கும் முன்னால் பிறந்த தேதி தீர்மானித்துவிடுகிறது. 18 வயது நிரம்பாதவர் என்றால் சிறுவர் சட்டம் 2001 அவருக்குப் பொருந்தும். 2002 ஆகஸ்ட் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த இச்சட்டம், 1947-ஆம் ஆண்டின் இளையோர் நீதிமன்றச் சட்டம் உட்பட மூன்று பழைய சட்டங்களின் இடத்தை எடுத்துக்கொண்டது. 2016-இல் திருத்தப்பட்டு, அத்திருத்தங்கள் 2017 ஜனவரி முதல் அமலில் உள்ளன. தாளில் படித்துப் பார்த்தால் இது மோசமான சட்டம் அல்ல, பல இடங்களில் பரிவோடு எழுதப்பட்ட சட்டம் என்றே சொல்ல வேண்டும். ஆனால் அதன் பாதுகாப்பு எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் இல்லை. பிள்ளை சிறுவர் நீதிமன்றத்தின் உள்ளே வந்துவிட்டால் கெட்டியாக இருக்கும் அந்தப் பாதுகாப்பு, அங்கே வந்துசேர்வதற்கு முந்தைய சில மணி நேரங்களில் நூலிழையாக மெலிந்துவிடுகிறது.

முதலில் வயதின் கீழ் எல்லை. தண்டனைச் சட்டத்தின் 82-ஆவது பிரிவின்படி 10 வயதுக்கு உட்பட்ட பிள்ளை செய்யும் எதுவும் குற்றமாகாது. 10-க்கும் 12-க்கும் இடைப்பட்ட பிள்ளைக்கு, தான் செய்ததன் தன்மையையும் விளைவையும் புரிந்துகொள்ளும் முதிர்ச்சி இல்லை என்று தெரிந்தால் 83-ஆவது பிரிவு அதைக் காக்கிறது. 12-ஐத் தாண்டினால் அந்தக் கேள்விக்கே இடமில்லை. ஐ.நா.வின் சிறார் உரிமைக் குழு, குற்றப் பொறுப்பு வயது 14-க்குக் குறையக்கூடாது என்று 2019-இல் வெளியிட்ட தனது 24-ஆவது பொதுக் கருத்துரையில் நாடுகளை வலியுறுத்தியுள்ளது. நம் நாட்டில் நான்காம் வகுப்பு மாணவன் ஒருவன் மீது சட்டப்படி குற்றம் சுமத்த முடியும்.

பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளையின் நிலை இதில் தனிக்கதை. பதிவு செய்யப்படாத திருமணங்கள், பதிவு செய்யப்படாத பிறப்புகள், 12 வயதாகியும் மைகார்டு அடையாள அட்டை எடுக்க முடியாத பிள்ளைகள் என்று நம் சமூகத்தில் ஆவணச் சிக்கல் தலைமுறையாகத் தொடர்வது எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்ட பையன் ஆறடி உயரத்தில் மீசையோடு காவல் நிலையத்தில் நின்றால், அவனுக்கு 16 வயது என்பதை யார் நிரூபிப்பது? எந்த நீதிமன்றத்திலும் ஒருவர் சிறுவர் போலத் தோன்றினால் அவருடைய வயது குறித்துத் தக்க விசாரணை நடத்த வேண்டும் என்று சிறுவர் சட்டத்தின் 16-ஆவது பிரிவு சொல்கிறது. அது நீதிபதிக்குச் சொல்லப்பட்ட சொல். இரவு இரண்டு மணிக்கு லோக்காப்புக் கதவைத் திறக்கும் காவலர் கண்ணால் பார்த்துத்தான் முடிவு செய்வார். தமிழ்ப்பள்ளித் தேர்ச்சி அட்டை, தடுப்பூசிப் புத்தகம், கோயிலில் எழுதிய ஜாதகம் என்று கையில் கிடைப்பதையெல்லாம் குடும்பத்தார் தூக்கிக்கொண்டு ஓடிவருவதற்குக் காரணம் இதுவே.

கைதான பிறகு என்ன நடக்க வேண்டும் என்பதைச் சட்டம் தெளிவாகவே கூறுகிறது. பிள்ளையின் பெற்றோருக்கும் நன்னடத்தை அதிகாரிக்கும் காவல்துறை உடனடியாகத் தகவல் தர வேண்டும் என்பது 87-ஆவது பிரிவு. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தின் முன் நிறுத்த வேண்டும் என்பது 84-ஆவது பிரிவு. கூட்டரசு அரசியலமைப்பின் 5-ஆவது விதியும் கைதான எவருக்கும் இதே 24 மணி நேர உரிமையைத் தருகிறது. காவல் நிலையத்திலும், நீதிமன்றத்துக்கு அழைத்துவரும் வண்டியிலும், வெளியே காத்திருக்கும்போதும் குற்றம் சுமத்தப்பட்ட பெரியவர்களோடு பிள்ளை கலந்துவிடாமல் ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும், பெண்பிள்ளையானால் ஒரு பெண்ணின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்றும் 85-ஆவது பிரிவு கூறுகிறது. இவற்றோடு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவும் சேர்கிறது: கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், விசாரிக்கத் தொடங்கும் முன்பாகவே உறவினருக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்ல அனுமதிக்க வேண்டும்.

இந்த 28ஏ பிரிவில் ஒரு பின்வாசல் இருப்பதையும் சொல்லியாக வேண்டும். வழக்கறிஞரை அழைத்தால் கூட்டாளி தப்பிவிடுவார், சாட்சியம் அழிந்துவிடும் என்று கருதினால், துணை சூப்பரிண்டெண்டண்ட் தகுதிக்குக் குறையாத அதிகாரி காரணத்தை எழுதிவைத்து அந்த உரிமையை மறுக்கலாம். இன்னொன்று, இதைவிடப் பெரியது. பெற்றோருக்குத் தகவல் சொல்லவேண்டும் என்று கட்டளையிடும் சிறுவர் சட்டம், பிள்ளையை விசாரிக்கும் அறையில் பெற்றோரோ வழக்கறிஞரோ உடனிருக்க வேண்டும் என்று எங்கும் கட்டாயமாக்கவில்லை. தாய் கீழே வரவேற்பு மேசையின் முன் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, மகன் மாடியில் தனியே பதில் சொல்லிக்கொண்டிருக்கலாம். சட்டத்தின் எழுத்து மீறப்படவில்லை.

போலீஸிடம் சொன்னது வழக்கில் செல்லாதே என்று சிலர் ஆறுதல் சொல்வதுண்டு. விசாரணையில் போலீஸ் அதிகாரியிடம் குற்றஞ்சாட்டப்பட்டவர் கொடுக்கும் வாக்குமூலத்தை அவருக்கு எதிரான சாட்சியமாக அரசு தரப்பு பயன்படுத்துவதை நடைமுறைச் சட்டத்தின் 113-ஆவது பிரிவு பொதுவாகத் தடுக்கிறது என்பது உண்மைதான். ஆனால் 1950-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு இதற்கு விலக்கு. ஒருவர் தந்த தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தத் தகவல் சாட்சியமாகும். திருட்டு மோட்டார்சைக்கிள் வழக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பதினைந்து வயதுப் பையன் பயத்தில் அதிகாரிகளை அழைத்துப்போய், ஃபிளாட்டின் பின்புறம் பழைய மெத்தைகளுக்கு நடுவே நிற்கும் வண்டியைக் காட்டுகிறான். அவன் வாயால் சொன்ன நூறு சொற்கள் ஒதுக்கப்படலாம். நீட்டிய அந்த விரல் ஒதுக்கப்படாது. விசாரணை அறையில் ஒரு பெரியவர் உடனிருக்க வேண்டியது ஏன் என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

24 மணி நேரத்துக்குள் விசாரணை முடியாவிட்டால் ரிமாண்ட், அதாவது நீதிமன்ற உத்தரவோடு காவல் நீட்டிப்பு. 14 ஆண்டுகளுக்குக் குறைவான சிறைத்தண்டனைக்குரிய குற்றமானால் முதலில் 4 நாள், பிறகு 3 நாள். அதற்கு மேற்பட்ட தண்டனைக்கோ மரண தண்டனைக்கோ உரிய குற்றமானால் முதலில் 7 நாள், பிறகு இன்னும் 7 நாள் என்பது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 117-ஆவது பிரிவின் கணக்கு. பெரியவர்களுக்காக எழுதப்பட்ட இந்தக் கணக்கே நடைமுறையில் பிள்ளைகளுக்கும் பயன்படுகிறது. ரிமாண்ட் மனு விசாரிக்கப்படும் காலையில்தான் தேசிய சட்ட உதவி அறக்கட்டளையின் வழக்கறிஞர்கள் முக்கியமாகிறார்கள். 2011-இல் அமைக்கப்பட்டு 2012 முதல் இயங்கிவரும் இந்த அறக்கட்டளை, கைது, ரிமாண்ட், ஜாமீன் ஆகிய கட்டங்களிலேயே வழக்கறிஞரை அனுப்புகிறது. பினாங்கிலும் தலைநகரிலும் வரிசையில் அமரவைக்கப்பட்டுள்ள ஊதா நிற லோக்காப்புச் சட்டைகளுக்கு நடுவே நடந்து, ஒவ்வொருவரிடமும் குனிந்து, "அடிச்சாங்களா? சாப்பிட்டியா? வீட்டுக்குத் தெரியுமா?" என்று அவர்கள் கேட்கும் சில நிமிடங்கள், பல பிள்ளைகளுக்கு வாழ்க்கையில் கிடைக்கும் முதல் சட்ட ஆலோசனை. பையன் தலையை ஆட்டுவதோடு சரி. பின்னால் காவலர் நிற்கும்போது வேறென்ன சொல்வான்?

ஜாமீன் விஷயத்தில் சட்டம் பிள்ளையின் பக்கமே சாய்ந்திருக்கிறது. கொலை போன்ற கொடிய குற்றமாக இருந்தாலோ, தீய சகவாசத்திலிருந்து பிரிப்பது பிள்ளையின் நலனுக்கு அவசியமாக இருந்தாலோ, வெளியே விட்டால் நீதி தடைபடும் என்று நம்பக் காரணம் இருந்தாலோ தவிர, பிணையில் விடவேண்டும் என்பதே 84-ஆவது பிரிவின் வழி. இங்கே தடையாக நிற்பது பெரும்பாலும் பணம். வாடகைக்கும் வண்டித் தவணைக்கும் போக மிச்சமில்லாத குடும்பத்தில், ஜாமீன் தொகையை வங்கிக் கணக்கில் வைத்திருக்கும் உறவினர் ஒருவரைக் கண்டுபிடிப்பதற்குள் பையன் காவலில் சில வாரங்களைக் கழித்துவிடுகிறான்.

சிறுவர் நீதிமன்றம் வேறு உலகம். மாஜிஸ்திரேட்டுடன் இரு ஆலோசகர்கள் அமர்வார்கள். அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். பொதுமக்களுக்கு அனுமதியில்லை. குற்றச்சாட்டைப் பிள்ளையின் வயதுக்கும் புரிதலுக்கும் ஏற்ற எளிய மொழியில் விளக்க வேண்டும். "தண்டனை", "குற்றத் தீர்ப்பு" என்ற சொற்களையே அங்கு பயன்படுத்தக்கூடாது என்று சட்டம் விலக்கி வைத்திருக்கிறது. பிள்ளையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவோருக்கு 15-ஆவது பிரிவின் கீழ் 10,000 ரிங்கிட் வரை அபராதமோ 5 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். பக்கத்து புளோக்குப் பையன் விலங்கோடு போவதைப் படம்பிடித்து வட்டார வாட்சாப் குழுவில் போடுகிறவர்களுக்கு இது தெரிந்திருந்தால் விரல் கொஞ்சம் தயங்கும்.

பிள்ளை குற்றத்தை ஒப்புக்கொண்டாலும் நிரூபிக்கப்பட்டாலும், என்ன செய்வது என்று முடிவெடுப்பதற்கு முன் நன்னடத்தை அதிகாரியின் அறிக்கையை நீதிமன்றம் பார்த்தாக வேண்டும். பிள்ளையின் பொதுவான நடத்தை, வீட்டுச் சூழல், பள்ளிப் பதிவு, உடல்நல வரலாறு ஆகியவை அதில் இருக்கும். இந்தச் சில தாள்கள்தான் வழக்கில் எடை மிகுந்தவை என்பது குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. அதிகாரி மலாயில் கேட்கிறார். அம்மா தெரிந்த மலாயில் சுருக்கமாகப் பதில் சொல்கிறார். இரவு வேலைக்குப் போகும் அப்பா பகலில் தூங்குவது, "தந்தை கண்காணிப்பதில்லை" என்று எழுதப்பட இடமுண்டு. பையன் பள்ளிக்கு ஏன் போகவில்லை என்ற கேள்விக்கு, "அவனுக்குப் புடிக்கல" என்ற அம்மாவின் வெகுளியான பதிலும் அப்படியே தாளில் ஏறலாம். வகுப்பில் படிக்கத் தெரியாமல் கடைசி வரிசையில் ஒளிந்து ஒளிந்து அலுத்துப்போனவன் அவன் என்பதைச் சொல்ல அங்கே யாரும் இல்லை. சித்தப்பாவோ தாய்மாமனோ பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தயாராக இருந்தால் அதை அதிகாரியிடம் முதல் நாளே சொல்ல வேண்டும். உறவினரின் பொறுப்பில் விடுவதும் நீதிமன்றம் பிறப்பிக்கக்கூடிய உத்தரவுகளில் ஒன்று. கண்டித்து விடுவித்தல், நன்னடத்தைப் பிணை, அபராதம், நன்னடத்தைக் கண்காணிப்பு ஆகியவையும் அப்படியே. 2016 திருத்தம் சமூக சேவை உத்தரவையும் சேர்த்தது.

மற்றபடி, நிலையங்கள். சமூகநல இலாகாவின் கீழ் கோலாலம்பூர் சுங்கை பெசியிலும் பினாங்கு தெலுக் ஆயர் தாவாரிலும் உள்ள துனாஸ் பக்தி பள்ளிகள் போன்றவை ஒரு வகை. 14 வயது நிரம்பியவர்களுக்கான ஹென்ரி கர்னி பள்ளிகள் சிறைச்சாலை இலாகாவைச் சேர்ந்தவை. மலாக்கா தெலுக் மாஸில் இருப்பது அவற்றில் பெயர்பெற்றது. துனாஸ் பக்தி பள்ளிக்கு அனுப்பும் உத்தரவின் காலம் மூன்று ஆண்டு. வருகையாளர் குழு அதைக் குறைக்கலாம் என்றாலும் தொடக்கக் கணக்கு அதுதான். இதை நம்மவர்கள் பலர் அறியாததால் ஒரு விபரீதம் நிகழ்கிறது. "சாலான்னு (குற்றம்னு) ஒத்துக்கடா, சீக்கிரம் முடிஞ்சிடும்" என்று நீதிமன்ற வராந்தாவில் சொந்தக்காரர்களே பையனுக்குச் சொல்லிக்கொடுப்பதைக் கேட்கலாம். பெரியவர் ஒருவர் அதே சிறு திருட்டுக்கு அபராதம் கட்டிவிட்டோ சில மாதம் சிறையிலிருந்தோ வெளியே வந்துவிடக்கூடும். சீர்திருத்தம் என்ற நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்ட மூன்றாண்டு, ஒரு கைப்பேசித் திருட்டுக்குப் பதினான்கு வயதுப் பையனின் பள்ளிப்பருவம் முழுவதையும் எடுத்துக்கொண்டுவிடும்.

குற்றமே செய்யாத பிள்ளையும் இந்தக் கதவுக்குள் போகமுடியும். தங்கள் கட்டுப்பாட்டை மீறிய பிள்ளை என்று பெற்றோரே நீதிமன்றத்தை அணுகி, நிலையம் ஒன்றில் வைக்கும்படி கேட்க 46-ஆவது பிரிவு வழிசெய்கிறது. வீட்டைவிட்டு ஓடும் மகள், பள்ளிக்கு மட்டம்போடும் மகன் எல்லாரும் இதில் அடங்கிவிடுவார்கள். "ரெண்டு மாசம் உள்ள இருந்தா புத்தி வரும்" என்ற கோபத்தில் கையெழுத்திடுகிற தகப்பன், அந்த உத்தரவைத் தான் நினைத்தபோது திரும்பப் பெற முடியாது என்பதைப் பிறகுதான் அறிகிறார்.

சிறைத்தண்டனைக்கும் வரம்பு உண்டு. 14 வயதுக்கு உட்பட்டவரைச் சிறைக்கு அனுப்பக்கூடாது. அதற்கு மேற்பட்டவரையும் வேறு வகையில் கையாள முடியுமானால் அனுப்பக்கூடாது. அனுப்பினாலும் இயன்றவரை பெரியவர்களோடு பழகவிடக்கூடாது என்பது 96-ஆவது பிரிவு. அந்த "இயன்றவரை" என்ற சொல்லைக் கவனியுங்கள். இடநெருக்கடி என்ற ஒரே காரணத்தால் தளரக்கூடிய சொல் அது.

மரண தண்டனைக்குரிய குற்றம் என்றால் சிறுவர் நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை. வழக்கு உயர்நீதிமன்றத்துக்குப் போகும். பிள்ளைக்கு மரண தண்டனை விதிக்கக்கூடாது என்று 97-ஆவது பிரிவு தடுக்கிறது. அதற்குப் பதிலாக அது சொல்வது விநோதமானது: ஆட்சியாளரின் விருப்பம் உள்ளவரை சிறையில் வைக்க வேண்டும். குற்றம் கோலாலம்பூரில் நடந்திருந்தால் மாமன்னரின் விருப்பம், பினாங்கில் நடந்திருந்தால் பினாங்கு ஆளுநரின் விருப்பம். எத்தனை ஆண்டு என்ற எண்ணே இல்லை. சிறை வருகை நீதிபதிகள் குழு ஆண்டுக்கு ஒருமுறையாவது ஆய்வு செய்து பரிந்துரை செய்யலாம். 2002-இல் 12 வயது 9 மாதத்தில் கொலை செய்ததாகத் தீர்ப்பளிக்கப்பட்ட ஒரு சிறுவனின் வழக்கில் (பெயர் இங்கே தேவையில்லை) மேல்முறையீட்டு நீதிமன்றம் 2007-இல் இந்தப் பிரிவை அரசியலமைப்புக்கு முரணானது என்று அறிவித்தது. எவ்வளவு காலம் அடைத்துவைப்பது என்று தீர்மானிக்கும் நீதித்துறை அதிகாரத்தை நிர்வாகத்திடம் ஒப்படைக்க முடியாது என்பது அதன் வாதம். சில மாதங்களிலேயே கூட்டரசு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றிப் பழைய நிலையை மீட்டது. அந்த அமர்வில் இருந்த நீதிபதி ரிச்சர்ட் மலாஞ்சும் முடிவுக்கு உடன்பட்டாலும், நீதிமன்றங்களின் அதிகாரம் நாடாளுமன்றம் தருவதோடு நின்றுவிடுகிறது என்ற பெரும்பான்மையின் காரணத்தை ஏற்க மறுத்துத் தனித்தீர்ப்பு எழுதினார். முடிவில்லாத காவலில் வளரும் பிள்ளைக்குக் குறிப்பிட்ட ஆண்டுக்கணக்கு கொடுப்பது கருணை அல்ல, குறைந்தபட்ச நியாயம் என்றே எனக்குப் படுகிறது.

சிறுவர் சட்டத்துக்கு வெளியே நிற்கும் சட்டங்களும் உண்டு. 2012-ஆம் ஆண்டின் பாதுகாப்புக் குற்றங்கள் (சிறப்பு நடவடிக்கைகள்) சட்டமான சொஸ்மா, 28 நாள் வரை காவலில் வைத்து விசாரிக்க அனுமதிக்கிறது. அதன்கீழ் குற்றஞ்சாட்டப்படுவோருக்குப் பொதுவாக ஜாமீன் கிடையாது. 18 வயதுக்கு உட்பட்டவருக்கு, பயங்கரவாதக் குற்றம் தவிர்த்து, மின்னணுக் கண்காணிப்புக் கருவியோடு ஜாமீன் தர 13-ஆவது பிரிவு இடமளிக்கிறது. 1959-ஆம் ஆண்டின் குற்றத் தடுப்புச் சட்டமான பொக்காவில் முதலில் 21 நாள், பிறகு 38 நாள் காவல். அதன் பின் விசாரணையின்றி இரண்டாண்டுத் தடுப்புக்காவலுக்கும் குற்றத் தடுப்பு வாரியம் உத்தரவிடலாம். சிறார் உரிமை உடன்படிக்கையில் மலேசியா 1995-இல் சேர்ந்தது. ஆயினும் சிறைவைப்பு கடைசி வழியாகவும் மிகக் குறுகிய காலத்துக்கும் மட்டுமே இருக்கவேண்டும் என்று கூறும் 37-ஆவது விதியின் மீது வைத்த ஆட்சேபத்தை இன்றுவரை விலக்கிக்கொள்ளவில்லை.

18 முடிந்து 21 எட்டாதவர்களை நடைமுறைச் சட்டத்தின் 293-ஆவது பிரிவு "இளங்குற்றவாளி" என்று தனியே வகைப்படுத்துகிறது. சிறைக்குப் பதில் கண்டிப்பு, நன்னடத்தைப் பிணை, 240 மணி நேரம் வரை சமூக சேவை என்று சில வழிகள் அவர்களுக்கு உண்டு. மூடிய நீதிமன்றம் கிடையாது. பெயர் மறைப்பு கிடையாது. பெற்றோருக்குத் தெரிவிக்கவேண்டிய தனிக்கடமை கிடையாது. கும்பல் உறுப்பினர் என்று தண்டனைச் சட்டத்தின் 130வி பிரிவில் சேர்க்கப்படும் பத்தொன்பது வயது இளைஞனுக்கு சொஸ்மாவின் அந்த ஜாமீன் விலக்கும் இல்லை.

18 என்ற கோட்டைப் பற்றி இன்னொரு செய்தி. பிள்ளையாக இருந்தபோது செய்த குற்றமேயானாலும், 18 நிரம்பிய பிறகு குற்றச்சாட்டு சுமத்தப்பட்டால் வழக்கு சிறுவர் நீதிமன்றத்துக்குப் போகாது என்று சிறுவர் சட்டத்தின் 83-ஆவது பிரிவு கூறுகிறது. வேறு நீதிமன்றம் விசாரிக்கும்; சிறுவர் சட்டத்தின் உத்தரவுகளில் சிலவற்றை அது பயன்படுத்தலாம், அவ்வளவுதான். 17 வயது 8 மாதத்தில் பிடிபட்டு, போலீஸ் ஜாமீனில் வீடு திரும்பிய பையனின் கோப்பு அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் கிடக்கிறது. ஒரு மாதம், இரண்டு மாதம், ஐந்து மாதம். கூப்பிடவில்லையே, கேஸை மூடிவிட்டார்கள் போலிருக்கிறது என்று வீட்டில் நம்பிக்கை வளர்கிறது. பையன் வேலைக்குப் போகத் தொடங்குகிறான். அம்மா கோயிலில் அர்ச்சனை செய்து பிறந்தநாளுக்குப் பாயசம் வைக்கிறாள். அழைப்பு அதற்கு அடுத்த வாரம் வருகிறது.